உரிமம் உறையும் இடம்: முன்னிறுவப்பட்ட பணிசெயல் முறைமையை மீள உயிர்ப்பித்தல் பற்றிய ஒரு நோக்கு

பொருளொன்றை விலைகொடுத்து வாங்கியவர் அதற்கு உடையவராகின்றார் என்பது வணிக வழக்கில் ஐயத்துக்கிடமின்றி நிலவிவரும் கொள்கையாகும். ஆயின், கணினியை இயக்கும் மென்பொருள் தொடர்பில் இக்கொள்கை அவ்வாறே பொருந்துவதில்லை. கணினியொன்றை வாங்குவோர் அதன் வன்பொருளை உடைமையாகப் பெறுகின்றனர். அதனுள் முன்னரே நிறுவப்பட்டிருக்கும் பணிசெயல் முறைமையைப் பொறுத்தமட்டில், அதாவது ஒப்பரேற்றிங் சிஸ்ரம் என வழங்குவதைப் பொறுத்தமட்டில், அவர்கள் பெறுவது அதனைப் பயன்படுத்துவதற்கான உரிமம் மாத்திரமே. இவ்வேறுபாடு நாளாந்தப் பயன்பாட்டிற் புலப்படுவதில்லை. வன்தட்டுப் பழுதடைந்தோ தீம்பொருள் புகுந்தோ அம்முறைமையை முற்றாக அழித்துப் புதிதாக நிறுவ நேரும்போதுதான் அது வெளிப்படுகின்றது. நேற்றுவரை குறையின்றி இயங்கிய கணினி, மீள்நிறுவலின் பின்னர், தன்னை உயிர்ப்பிக்குமாறும் உரிமச் சாவியைத் தருமாறும் கேட்கின்றது. பணங்கொடுத்து வாங்கியவர் தாம் பணங்கொடுத்தமையை மீண்டும் மெய்ப்பிக்க வேண்டியவராகின்றார்.

அம்மெய்ப்பிப்புக்குரிய சான்று எங்கே வைக்கப்பட்டுள்ளது? இவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். மைக்ரோசொவ்ற் நிறுவனத்தின் வின்டோஸ் முறைமையே முன்னிறுவப்பட்ட நிலையிற் பெரிதும் விற்பனையாவதாலும், உயிர்ப்பித்தல் என்னும் நடைமுறை அதனோடு சிறப்பாகத் தொடர்புற்றிருப்பதாலும், அதனையே எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்விடயம் ஈண்டு ஆராயப்படுகின்றது.

உயிர்ப்பித்தலின் தோற்றம்

மென்பொருளைப் படியெடுப்பது எளிது; படியெடுத்தோரைக் கண்டறிவது அரிது. இச்சிக்கல் தனியாட் கணினியின் தோற்றத்தோடு உடன்பிறந்தது. 1976ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலேயே பில் கேற்ஸ், கணினி ஆர்வலர்களுக்கு விடுத்த பகிரங்கக் கடிதமொன்றில், அல்ரெயர் கணினிக்கெனத் தம் நிறுவனம் ஆக்கிய பேசிக் மொழி விலையின்றிப் படியெடுக்கப்படுவதைக் கண்டித்திருந்தார். அதன் பின்னர் ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக்காலம், சட்டமும் தொடரிலக்கமும் உரிமச் சாவியுமே இந்நிறுவனத்தின் காப்பரண்களாக இருந்தன. உரிமச் சாவி என்பது 25 எழுத்துகளும் இலக்கங்களும் கலந்த ஒரு தொடர். எனினும், ஒரே சாவியைக் கொண்டு எத்தனை கணினிகளிலும் முறைமையை நிறுவ முடிந்தமையால் அது முழுமையான தடையாக அமையவில்லை.

2001ஆம் ஆண்டு ஒக்ரோபர் 25ஆந் திகதி வெளிவந்த வின்டோஸ் எக்ஸ்பி இந்நிலையை மாற்றியது. சாவியைக் கொடுத்தல் மட்டும் போதாது. அச்சாவி எந்தக் கணினியிற் பயன்படுகின்றது என்பதையும் நிறுவனம் அறிந்து ஏற்றுக்கொள்ளல் வேண்டும். இவ்வேற்பே உயிர்ப்பித்தல் எனப்படும். எக்ஸ்பி முறைமை நிறுவப்பட்டு 30 நாட்களுக்குள் இது நிகழாவிடிற் பயனர் உள்நுழைய இயலாது.

இதன் பொறிமுறை நுட்பமானது. செயலி, வன்தட்டு, நினைவகத்தின் அளவு, வரைவியல் அட்டை, வலையமைப்பு அட்டை முதலாகப் பத்து வகையான வன்பொருட் கூறுகளின் அடையாளங்களிலிருந்து சுருக்கக் குறியீடொன்று உருவாக்கப்படும். இக்குறியீடும் உரிமச் சாவியின் விவரமும் இணைந்து நிறுவல் அடையாளமாக அமையும். இணையவழி உயிர்ப்பிப்போருக்கு இஃது தானாகவே சென்றடையும். தொலைபேசிவழி உயிர்ப்பிப்போர் 50 இலக்கங்கள் கொண்ட அவ்வடையாளத்தை வாசித்து, 42 இலக்கங்கள் கொண்ட உறுதிப்படுத்தல் எண்ணைப் பெற்றுக் கணினியில் இடவேண்டும். பின்னர் வன்பொருள் சிறிது மாறினும் முறைமை பொறுத்துக்கொள்ளும். வலையமைப்பு அட்டை மாறாதிருக்குமாயின் ஏனைய கூறுகளில் ஆறோ அதற்கு மேற்பட்டவையோ மாறினாலன்றி மேசைக் கணினி மறுபடியும் உயிர்ப்பிக்குமாறு கேட்பதில்லை. ஒருவர் தமது கணினியைச் சிறிது சிறிதாகத் திருத்தியமைப்பதற்கும் வேறொரு கணினியில் முறைமையைப் படியெடுப்பதற்கும் இடையே வேறுபாடு காண்பதற்காகவே இவ்வரம்பு வகுக்கப்பட்டது.

முன்னிறுவலின் தனித்தன்மை

மேலே கூறிய முறை கடையில் தனியாக மென்பொருளை வாங்குவோருக்கு ஏற்றது. கணினி உற்பத்தி நிறுவனங்களோ இலட்சக்கணக்கான கணினிகளில் ஒரே முறைமையை முன்னிறுவி விற்பவை. அவற்றை வாங்கும் ஒவ்வொருவரும் உயிர்ப்பித்தலுக்கென முயலவேண்டியிருப்பின் அது வணிகத்துக்குத் தடையாகும். ஆகவே இந்நிறுவனங்களுக்கென முறைமைப் பூட்டு முன்னிறுவல் என்னும் வேறோர் ஏற்பாடு செய்யப்பட்டது. இங்குச் சான்று கூறுவது வாங்குபவரன்று; கணினியின் தாய்ப்பலகையே.

எக்ஸ்பி காலத்தில் இவ்வேற்பாடு எளிமையானது. தாய்ப்பலகையிலுள்ள பயோஸ் என்னும் நிலைபொருளில் உற்பத்தியாளரைக் குறிக்கும் எழுத்துத்தொடர் பொறிக்கப்பட்டிருக்கும். முறைமையிலுள்ள சில கோப்புகள் அத்தொடரைத் தேடும். இரண்டும் ஒத்திருப்பின், இணையத்தின் துணையோ நிறுவனத்தின் ஏற்போ இன்றியே முறைமை இயங்கும். ஏனைய வன்பொருட் கூறுகள் யாவும் மாறினும் இவ்வியக்கம் கெடுவதில்லை.

இங்கே ஒரு செய்தி சிறப்பாக நோக்கற்பாலது. தொழிற்சாலையில் முறைமையை நிறுவுவதற்குப் பயன்பட்ட சாவி ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனியானதன்று. ஒரே உற்பத்தியாளரின் ஒரே பதிப்பைக் கொண்ட கணினிகள் எண்ணற்றவற்றுக்கு அது பொதுவானது. கணினியின் புறத்தே ஒட்டப்பட்ட மெய்ம்மைச் சான்றிதழில் அச்சிடப்பட்ட சாவியோ அக்கணினிக்கு மட்டுமே உரியது. எனவே ஒரு கணினிக்கு இரு சாவிகள் இருந்தன: உள்ளே உழைத்தது ஒன்று, வெளியே ஒட்டப்பட்டது மற்றொன்று. சாவியைக் காட்டும் சிறு மென்பொருள்களைக் கொண்டு உள்ளிருக்கும் சாவியைக் குறித்துவைத்த பலர், மீள்நிறுவலின்போது அது ஏற்கப்படாமை கண்டு மயங்கியமைக்கு இதுவே காரணமாகும். அப்பொதுச் சாவி, நிலைபொருளின் சான்றும் உற்பத்தியாளரின் கோப்புகளும் உடனிருக்கும்போது மாத்திரமே செல்லுபடியாகும்.

சான்றிதழ்ச் சாவியும் பிற்காலத்தில் எளிதாகப் பயன்படவில்லை. அச்சாவிகள் களவாடப்பட்டு விற்கப்படுவதைத் தடுக்குமுகமாக, 2005ஆம் ஆண்டு பெப்ரவரி 28ஆந் திகதி முதல், முன்னணி உற்பத்தியாளர் இருபதின்மரின் எக்ஸ்பிச் சான்றிதழ்ச் சாவிகளை இணையவழி உயிர்ப்பிப்பதை மைக்ரோசொவ்ற் நிறுத்தியது. அதன் பின்னர் அவற்றைப் பயன்படுத்த விரும்பியோர் தொலைபேசியில் அழைத்து வினாக்களுக்கு விடையிறுக்க வேண்டியவராயினர். ஆயின், உற்பத்தியாளர் வழங்கிய மீட்பு இறுவட்டைக் கொண்டு மீள நிறுவியோருக்கு இவ்விடர் நேரவில்லை. முறைமையோடு உற்பத்தியாளரின் கோப்புகளும் பொதுச் சாவியும் அவ்விறுவட்டிலேயே அடங்கியிருந்தன.

விஸ்ராவும் வின்டோஸ் 7உம்

எழுத்துத்தொடரைப் போலியாகப் புனைவது கடினமன்று. ஆதலால் 2007ஆம் ஆண்டு வெளிவந்த வின்டோஸ் விஸ்ராவிலும், 2009ஆம் ஆண்டு வெளிவந்த வின்டோஸ் 7இலும் இவ்வேற்பாடு வலுப்படுத்தப்பட்டது. நிலைபொருளில் எஸ்.எல்.ஐ.சி. எனப்படும் அட்டவணையொன்று, எண்முறைக் கையொப்பத்தோடு, பொறிக்கப்பட்டது. அதற்குப் பொருந்தும் உற்பத்தியாளர் சான்றிதழ்க் கோப்பு வன்தட்டில் வைக்கப்பட்டது. இவ்விரண்டோடு உற்பத்தியாளரின் பொதுச் சாவியும் சேர, மூன்றும் ஒத்திசைந்தால் முறைமை தானே உயிர்பெறும்.

மீள்நிறுவலின்போது நிகழ்வதை இதிலிருந்து உய்த்துணரலாம். கடையில் விற்கும் பொதுவான இறுவட்டைக் கொண்டு வன்தட்டை அழித்து நிறுவினால், மூன்றில் இரண்டு, அதாவது கோப்பும் பொதுச் சாவியும், அழிந்துபோகின்றன. நிலைபொருளில் உள்ள அட்டவணை மட்டும் எஞ்சுகின்றது. தனித்து நிற்கும் அச்சான்றினை முறைமை ஏற்பதில்லை. இந்நிலையில் வழிகள் இரண்டாக இருந்தன. உற்பத்தியாளர் வன்தட்டின் ஒரு பகுதியில் வைத்த மீட்புப் பிரிவைக் கொண்டு மீள நிறுவுதல் ஒன்று. சான்றிதழ்ச் சாவியை இட்டு நிறுவனத்தின் ஏற்பைப் பெறுதல் மற்றொன்று. மீட்புப் பிரிவு வன்தட்டிலேயே இருந்தமையால், வன்தட்டுப் பழுதடைந்தால் அதுவும் உடன் அழிந்தது. சான்றிதழோ மடிக்கணினியின் அடிப்புறத்தே ஒட்டப்பட்டு, வெப்பத்தாலும் உராய்வாலும் எழுத்து மங்கியது. உரிமம் அழியவில்லை, அதனைக் கூறும் சான்றே அழிந்தது. இவ்வுண்மையை உணராதோர் தம் உரிமமே தொலைந்ததெனக் கருதி மீண்டும் பணங்கொடுத்து வாங்கினர்.

வின்டோஸ் 8: சாவி தாய்ப்பலகைக்குள் புகுதல்

2012ஆம் ஆண்டு ஒக்ரோபர் 26ஆந் திகதி வெளிவந்த வின்டோஸ் 8 இவ்விரட்டை முறையை நீக்கியது. பொதுச் சாவியும் ஒட்டப்பட்ட சாவியும் மறைந்து, ஒவ்வொரு கணினிக்கும் தனித்துவமான சாவியொன்று நிலைபொருளிலுள்ள எம்.எஸ்.டி.எம். என்னும் அட்டவணையில் எழுதப்படலாயிற்று. உற்பத்தியாளர் அச்சாவியை மைக்ரோசொவ்ற்றிடமிருந்து பெற்றுத் தாய்ப்பலகையில் எழுதி, அக்கணினியின் வன்பொருட் குறியீட்டையும் சேர்த்து அந்நிறுவனத்துக்கு அறிவிப்பர். கணினியின் புறத்தே உள்ள ஒட்டுச்சீட்டில் அதன்பின் சாவி எதுவும் இல்லை.

இதனாற் பயனருக்கு விளைந்த நன்மை பெரிது. வன்தட்டு முற்றாக மாற்றப்படினும் சாவி அழிவதில்லை. மீள நிறுவும்போது நிறுவல் நிரல் அச்சாவியைத் தானே வாசித்து, உரிய பதிப்பைத் தெரிந்து நிறுவும். இணையத்தோடு இணைந்தவுடன் உயிர்ப்பித்தலும் நிகழும். வன்தட்டில் எதுவுமே இல்லாத கணினியில் லினக்ஸ் முறைமையை இயக்கினாலும் அவ்வட்டவணையை வாசிக்க முடிகின்றது. சாவி உறைவது வன்தட்டிலன்று என்பதற்கு இதனைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எனினும் இதனால் ஒரு மாற்றமும் நிகழ்ந்தது. எக்ஸ்பி, விஸ்ரா, வின்டோஸ் 7 ஆகியவற்றில் முன்னிறுவப்பட்ட கணினி யாரிடமும் கேளாது தன்னளவில் உயிர்பெற்றது. வின்டோஸ் 8 முதல், சாவி கணினியில் இருப்பினும், அதனை ஏற்பது தொலைவிலுள்ள சேவையகமே.

எண்முறை உரிமம்

2015ஆம் ஆண்டு யூலை 29ஆந் திகதி வெளிவந்த வின்டோஸ் 10, சான்றின் ஒரு பகுதியை அச்சேவையகத்துக்கே மாற்றியது. முந்திய முறைமையிலிருந்து இலவசமாக மேம்படுத்தியோருக்குப் புதிய சாவி எதுவும் வழங்கப்படவில்லை. அவர்களது கணினியின் வன்பொருள் அடையாளம் மைக்ரோசொவ்ற்றின் சேவையகத்திற் பதியப்பட்டது. இப்பதிவே எண்முறை உரிமம் எனப்படும். ஒருமுறை பதிவான கணினியில் அதே பதிப்பை மீள நிறுவினால், சாவி கேட்கும் இடத்தில் ‘சாவி இல்லை’ என்னும் தெரிவைக் கொண்டு மேற்செல்லலாம். இணைய இணைப்பின்போது சேவையகம் கணினியை அடையாளங்கண்டு உயிர்ப்பிக்கும். 2016ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதம் வெளிவந்த 1607 என்னும் வெளியீட்டின் மூலம் இவ்வுரிமத்தைப் பயனரின் மைக்ரோசொவ்ற் கணக்கோடு இணைக்கவும், வன்பொருள் மாறிய பின்னர் சிக்கல் தீர்க்கும் நிரலினூடாக அதனை மீளக் கோரவும் வழியேற்பட்டது. 2021ஆம் ஆண்டு வெளிவந்த வின்டோஸ் 11உம் இம்முறையையே பின்பற்றுகின்றது.

வின்டோஸ் 7, 8 ஆகியவற்றின் சாவிகளைக் கொண்டு புதிய முறைமைகளை உயிர்ப்பிக்கும் வழியை மைக்ரோசொவ்ற் 2023ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில் மூடுவதாக அறிவித்தது. எனினும் அதற்கு முன்னரே எண்முறை உரிமம் பெற்ற கணினிகளை இது பாதிப்பதில்லை. பழைய கணினிகளை வைத்திருப்போர் இவ்வேறுபாட்டை மனங்கொள்ளல் வேண்டும்.

மீள்நிறுவலின்போது கவனிக்க வேண்டியவை

இதுகாறும் கூறியவற்றிலிருந்து நடைமுறைக்குரிய சில முடிவுகளைப் பெறலாம்.

முதலாவது, பதிப்புப் பொருத்தம். உரிமம் வின்டோஸுக்குப் பொதுவாக வழங்கப்படுவதன்று. ஹோம், புரோ, சிங்கிள் லாங்குவேஜ் எனக் குறித்த பதிப்புக்கே வழங்கப்படுவது. ஹோம் பதிப்புக்கான உரிமமுள்ள கணினியிற் புரோ பதிப்பை நிறுவினால் உயிர்ப்பித்தல் நிகழாது. மீள்நிறுவலின் பின் எழும் சிக்கல்கள் பலவற்றுக்கு இப்பொருத்தமின்மையே காரணமாகும். ஆதலால், பழைய முறைமை இயங்கும் நிலையில் இருப்பின், அழிப்பதற்கு முன்னர் அமைப்புகள் பகுதியில் உள்ள உயிர்ப்பித்தற் பக்கத்தைத் திறந்து, பதிப்பின் பெயரையும் உரிமத்தின் வகையையும் குறித்துக்கொள்ளல் வேண்டும்.

இரண்டாவது, இதற்கு மறுதலையான நிலை. ஹோம் பதிப்போடு வாங்கிய கணினியைப் பின்னர் பணஞ்செலுத்திப் புரோ பதிப்பாக உயர்த்தியோரின் தாய்ப்பலகையில் ஹோம் சாவியே இன்னும் உள்ளது. நிறுவல் நிரல் அதனை வாசித்து, கேளாமலே ஹோம் பதிப்பை நிறுவிவிடும். இதுகண்டு உயர்த்திய உரிமம் அழிந்ததென அஞ்ச வேண்டியதில்லை. அது சேவையகத்திற் பதிவாகியுள்ளது; முறைமையைப் புரோ பதிப்புக்கு மாற்றியதும் ஏற்கப்படும்.

மூன்றாவது, தாய்ப்பலகை மாற்றம். வன்தட்டையோ நினைவகத்தையோ மாற்றுவதால் முன்னிறுவப்பட்ட உரிமம் பொதுவாகக் கெடுவதில்லை. தாய்ப்பலகையை மாற்றுவதோ கணினியையே மாற்றியதற்கு ஒப்பாகக் கொள்ளப்படும். பழுதுற்றமையால் அதனை மாற்றுவதற்கு மைக்ரோசொவ்ற்றின் உரிம விதிகள் இடமளிக்கின்றன. திறனை உயர்த்தும் பொருட்டு மாற்றினால் புதிய உரிமம் வேண்டப்படும். பழுதுபார்ப்பின்போது பொருத்தப்படும் புதிய பலகையில் உரிமச் சாவி எழுதப்பட்டுள்ளதா என்பதைக் கணினியை மீளப் பெறுமுன் கேட்டறிதல் நன்று.

நான்காவது, நிறுவலுக்குரிய கோப்புகளை மைக்ரோசொவ்ற்றின் தளத்திலிருந்தோ உற்பத்தியாளரிடமிருந்தோ மட்டுமே பெறல் வேண்டும். அவை இலவசமாகவே கிடைக்கின்றன. விலைக்குரியது உரிமமேயன்றி அக்கோப்புகளல்ல.

ஐந்தாவது, வின்டோஸ் 10, 11 ஆகியன உயிர்ப்பிக்கப்படாத நிலையிலும் இயங்கக்கூடியவை. திரையின் கீழ்மூலையில் நினைவூட்டற் குறிப்புத் தோன்றுவதும், தோற்ற அமைப்புகள் சில முடக்கப்படுவதுமே உடனடி விளைவுகளாம். ஆகவே பதற்றத்துடன் எதனையும் வாங்கவோ தரவிறக்கவோ வேண்டிய அவசியமில்லை. காரணத்தை ஆராய்ந்தறியக் கால அவகாசம் உண்டு.

உரிமையும் சான்றும்

இவ்விடயம் வெறுந் தொழினுட்பச் சிக்கலன்று. மீள்நிறுவலின் பின் உயிர்ப்பித்தல் தடைப்பட்டோர் பலர், இணையத்திற் கிடைக்கும் போலிக் கருவிகளை நாடுகின்றனர். பெருநிறுவனங்கள் தமது கணினிகளைக் கூட்டாக உயிர்ப்பிப்பதற்கென விஸ்ராவோடு அறிமுகமான கே.எம்.எஸ். என்னும் சேவையைப் போலியாக நடித்துக் காட்டுவனவே இக்கருவிகளிற் பல. அச்சேவையின் ஏற்பு 180 நாட்களுக்கு மட்டுமே உரியதாதலால் அதனை இடையறாது புதுப்பிக்கும் நிரலும் கணினியில் நிலைத்துவிடுகின்றது. இக்கருவிகளை இயக்குமுன் நச்சுநிரற் பாதுகாப்பை நிறுத்துமாறு கேட்கப்படுவதும், அவ்வாயிலினூடாகத் தகவல் திருடும் தீம்பொருள் நுழைவதும் பலமுறை கண்டறியப்பட்டவை. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களுக்குப் பதிப்புரிமைப் பாதுகாப்பு வழங்குகின்றது. ஆக, உரிமத்துக்கெனக் கணினியின் விலையோடு சேர்த்துப் பணங்கொடுத்த ஒருவர், அவ்வுரிமம் தம் தாய்ப்பலகையிலேயே உறைவதை அறியாமையால், சட்டத்துக்குப் புறம்பானவராகவும் தீம்பொருளுக்கு இரையாகவும் ஆகின்றார்.

மறுபுறம், ஏற்பு வழங்கும் சேவையகமும் பிழைசெய்யாததன்று. 2007ஆம் ஆண்டு ஓகஸ்ற் 24, 25ஆந் திகதிகளில், மெய்ம்மை சரிபார்க்கும் மைக்ரோசொவ்ற் சேவையகங்களில் ஏற்பட்ட கோளாற்றினால், முறைப்படி உரிமம் பெற்றோரின் கணினிகள் போலியானவையெனக் குறிக்கப்பட்டன. பாதிப்புற்றவை 12,000க்கும் குறைந்தவை என அந்நிறுவனம் கூறியது. 2018ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலும் உயிர்ப்பித்தற் சேவையகத்தின் கோளாற்றினால், வின்டோஸ் 10 புரோ பதிப்பை முறையாகப் பெற்றிருந்தோர் சிலர் தம்மிடம் ஹோம் உரிமமே உள்ளதென அறிவிக்கப்பட்டனர். இரு தடவையும் பிழை விரைவிற் சீர்செய்யப்பட்டது. ஆயினும், சான்றைத் தம்மிடம் வைத்திருக்கும் தரப்பே தீர்ப்பும் வழங்கும்போது, மறுதரப்பின் கையில் விலைச்சிட்டையேனும் இருத்தல் வேண்டும் என்பதை இந்நிகழ்ச்சிகள் உணர்த்துகின்றன.

உரிமம் இயந்திரத்துக்குரியதா, வாங்கியவருக்குரியதா என்னும் வினாவை நீதிமன்றங்களும் ஆராய்ந்துள்ளன. கணினியோடு மட்டுமே விற்கவேண்டுமென்ற நிபந்தனையோடு வழங்கப்பட்ட மென்பொருளைத் தனியாக மறுவிற்பனை செய்வதை மைக்ரோசொவ்ற் தடுக்கவியலாதென ஜேர்மனியின் கூட்டாட்சி உயர் நீதிமன்றம் 2000ஆம் ஆண்டு யூலை 6ஆந் திகதி தீர்ப்பளித்தது. இணையவழி தரவிறக்கி, கால வரையறையின்றி உரிமம் பெற்ற மென்பொருளும் மறுவிற்பனைக்குரியதென ஐரோப்பிய நீதிமன்றம் 2012ஆம் ஆண்டு யூலை 3ஆந் திகதி, ஒராக்கிள் நிறுவனம் தொடர்புற்ற வழக்கொன்றிற் கூறியது. ஐரோப்பாவுக்கு வெளியே இத்தீர்ப்புகள் பிணிப்புடையனவல்ல. எனினும், உரிமத்தைத் தாய்ப்பலகையோடு பிணைப்பது மென்பொருளின் இயல்பால் அமைந்ததன்று, உரிமதாரர் வகுத்த ஏற்பாடே என்பதை அவை புலப்படுத்துகின்றன.

முடிவுரை

எக்ஸ்பியில் எழுத்துத்தொடராகவும், விஸ்ராவிலும் வின்டோஸ் 7இலும் கையொப்பமிட்ட அட்டவணையாகவும், வின்டோஸ் 8இல் தனிச் சாவியாகவும், வின்டோஸ் 10 முதல் தொலைவிலுள்ள பதிவாகவும் உரிமத்தின் சான்று இடமும் வடிவும் மாறி வந்துள்ளது. இவற்றுள் எதுவும் வன்தட்டை அழிப்பதால் முற்றாக அழிவதில்லை. எனவே மீள நிறுவுவோர் முதலிற் கேட்கவேண்டியது, ‘சாவியை எங்கே வாங்கலாம்’ என்பதன்று. ‘என் கணினி எக்காலத்தது, அதன் சான்று எங்கே உள்ளது, எப்பதிப்புக்குரியது’ என்பதேயாம்.

கணினியை விற்போர் இச்செய்திகளை வாங்குபவருக்குக் கூறுவது அரிது. உரிம உடன்படிக்கையை முழுமையாக வாசிப்போரும் அரியர். பதிப்பின் பெயர், உரிமத்தின் வகை, வாங்கிய திகதி ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதி விலைச்சிட்டையோடு சேர்த்து வைப்பதற்குச் சில நிமிடங்களே போதும். பாடசாலைகளிலும் நூலகங்களிலும் பல கணினிகளைப் பேணுவோர் அவை ஒவ்வொன்றுக்கும் இத்தகைய பதிவைத் தொடக்கத்திலேயே ஏற்படுத்திக்கொள்வாராயின், ஒருமுறை செலுத்திய பணத்தை மறுமுறையும் செலுத்தும் நிலை அந்நிறுவனங்களுக்கு நேராது.